தாய்லாந்து புத்தத் தாயத்து: பொடியிலிருந்து கழுத்து வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பாங்காக்கில் டாக்ஸியில் ஏறினால் முன்கண்ணாடிப் பக்கம் ஒன்று தொங்கும். பழக்கடைக்காரர் கழுத்தில் மூன்று இருக்கும். வங்கி அதிகாரியின் சட்டைக்குள் தங்கச் சட்டம் போட்ட ஒன்று மறைந்திருக்கும். புத்தர் உருவமோ ஒரு துறவியின் முகமோ பதித்த, உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய வில்லைகள் இவை. தாய் மொழியில் இவற்றை 'பிரா க்ருவாங்' என்கிறார்கள். நம் மொழியில் தாயத்து என்று சொல்லலாம்.

நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எது ரொம்பச் சக்தி உள்ளது, எங்கே வாங்கலாம்?" என்பதுதான். இதற்கு ஒரு பெயரைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. தாய்லாந்து மக்கள் பார்வையில் தாயத்தின் சக்தி ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. எந்தப் பொருளால் செய்தார்கள், அதில் என்ன எழுத்தைச் சேர்த்தார்கள், யார் ஓதினார்கள், எந்தத் துறவி அதன் முன் தியானத்தில் அமர்ந்தார், அணிகிறவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று ஐந்து அடுக்குகள் உண்டு. ஆகவே ஒரு தாயத்து பொடியாக இருக்கும்போதே தொடங்கி, அது உங்கள் கழுத்துக்கு வரும் வரை கூடவே போய்ப் பார்ப்போம்.

படி 1: இது முதலில் எதற்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆரம்பத்தில் இது அணிகிற பொருளே இல்லை. 'பிரா பிம்' என்பது பழைய பெயர். அச்சில் அழுத்தி எடுத்த புத்தர் என்று பொருள். புத்தகயாவுக்கு யாத்திரை போனவர்கள் அங்கிருந்து மண் வில்லைகளை நினைவாக எடுத்து வந்தார்கள். அந்தப் பழக்கம் கடல் கடந்து பரவியது. துவாரவதிக் காலத்தில், அதாவது கி.பி. 6 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை, இன்றைய தாய்லாந்தின் நடுப்பகுதியில் இப்படிப்பட்ட மண் வில்லைகள் ஏராளமாகச் செய்யப்பட்டன. பலவற்றின் மேல், பழைய புத்த நூல்களின் மொழியான பாலியில் ஒரு வாசகம் பொறித்திருக்கும்: "யே தம்மா ஹேதுப்பபவா". காரணத்திலிருந்து தோன்றும் எல்லாவற்றின் காரணத்தையும், அவற்றின் முடிவையும் புத்தர் சொன்னார் என்பது அதன் சாரம்.

இவற்றை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் அச்சிட்டு ஸ்தூபிக்குள் வைத்து மூடிவிடுவார்கள். அந்த அறைக்கு 'க்ரு' என்று பெயர். புத்தரின் போதனை 5,000 ஆண்டுகள்தான் நிலைக்கும் என்ற நம்பிக்கை அங்கே வலுவாக உண்டு. ஒருநாள் எல்லாம் மறைந்துபோனாலும், யாரோ ஒருவர் மண்ணைத் தோண்டும்போது இந்த முகமும் இந்த வாசகமும் கையில் கிடைக்கும். இப்படி ஒருவர் இருந்தார் என்று தெரிந்துகொள்வார். அதற்காகத்தான் புதைத்தார்கள் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். எனக்கு இந்த ஒரு செய்தியே போதும், இந்த வில்லைகள் மேல் பிரியம் வர.

அப்போதெல்லாம் புத்தர் உருவம் கோயிலுக்குரியது. அதை வீட்டில் வைத்துக்கொள்ளவே மக்கள் தயங்கினார்கள். பழைய ஸ்தூபிகள் இடிந்து வில்லைகள் வெளியே வந்த பிறகு, 19ஆம் நூற்றாண்டில் அவை மெல்ல மெல்ல மனிதர் உடம்புக்கு வந்தன. போர்க்காலங்கள் இதை வேகப்படுத்தின. 1942இல் பாங்காக்கின் வாட் சுத்தாட் கோயிலில் பிட்சனுலோக்கின் புகழ்பெற்ற புத்த சின்னராட் சிலையின் வடிவில் சிறிய உலோக உருவங்களை வார்த்தார்கள். பிரெஞ்சு இந்தோசீனாவோடு சற்று முன் நடந்த இந்தோசீனப் போரின் பெயராலேயே இன்றும் அவை அழைக்கப்படுகின்றன.

படி 2: பொருளைப் பாருங்கள்

கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது முகத்தை அல்ல, எதனால் செய்தது என்பதை. சுட்ட மண், பொடி, உலோகம், மூலிகை என்று பெரும் பிரிவுகள் நான்கு. உலோகத்தில் தட்டையான பதக்கங்களும் உண்டு, 'பிரா க்ரிங்' என்ற குட்டிச் சிலைகளும் உண்டு. பிரா க்ரிங்கின் உள்ளே ஒரு மணி இருக்கும். காதருகே வைத்து ஆட்டினால் 'க்ரிங்' என்று கேட்கும். அதைத் தண்ணீரில் அமிழ்த்தி, அந்த நீரை நோயாளிக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. இவை தவிர, உலோகத் தகட்டில் யந்திரம் எழுதிச் சுருட்டிய 'தக்ருத்' இருக்கிறது. நம் ஊர்த் தகடு வைத்த தாயத்துக்கு இதுதான் மிக நெருங்கிய உறவு.

பொடித் தாயத்துதான் இதில் அரசன். அதைப் புரிந்துகொள்ள ஒருவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரையில், தோன்புரிப் பக்கம், வாட் ரக்காங் என்ற கோயில் இருக்கிறது. மணிக் கோயில் என்று பொருள். அதன் தலைமைத் துறவியாக இருந்தவர் சோம்தேத் தோ (1788–1872). பெரிய பட்டம் பெற்றவர், ஆனால் எளிமைக்காகவே நினைக்கப்படுகிறவர். அவர் செய்த செவ்வக வில்லைதான் 'பிரா சோம்தேத்': மேலே ஒரு வளைவு, அதற்குள் மூன்றடுக்குப் பீடத்தில் அமர்ந்த புத்தர். முகத்தில் கண்ணும் மூக்கும்கூடத் தெளிவாக இருக்காது. அவ்வளவு குறைந்த கோடுகளில் அவ்வளவு அமைதியைக் கொண்டுவந்த வேறொன்றை நான் பார்த்ததில்லை.

சுட்ட சிப்பிச் சுண்ணாம்புதான் அடிப்படை. அதோடு வாழைப்பழம், சோம்தேத் தோ தான் சாப்பிடும்போது எடுத்து வைத்த சோறு, பூஜையில் காய்ந்த பூ, ஊதுபத்திச் சாம்பல் ஆகியவற்றைக் கலந்து, துங் என்ற மரக்கொட்டையின் எண்ணெய் விட்டு இடிப்பார்கள். ஆனால் உயிர் வேறொன்றில் இருக்கிறது. துறவி ஒரு கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் மந்திர எழுத்துகளை எழுதுவார். எழுதும்போதே ஓதுவார். எழுதி முடித்ததும் அழிப்பார். கீழே விழும் பொடியைச் சேர்ப்பார். மறுபடி எழுதுவார், அழிப்பார். அந்தப் பொடியையே குழைத்துப் புதிய சுண்ணக்கட்டி செய்து அடுத்த வரிசை எழுத்துகளை எழுதுவார். பதமங், இத்திச்சே, மகாராட், புத்தகுண், த்ரீனிசிங்ஹே என்று இப்படி ஐந்து நிலைகள். மாதக்கணக்கில் உழைத்தால் கையளவு பொடி சேரும். அதில் ஒரு சிட்டிகைதான் ஒரு வில்லைக்குள் போகும்.

1870இல் அதே மரபில் பாங்காக்கின் பாங் குன் ப்ரோம் கோயிலுக்காக 84,000 வில்லைகள் செய்து ஸ்தூபியில் வைத்தார்கள். 84,000 என்பது புத்தரின் போதனைப் பகுதிகளின் எண்ணிக்கையாகச் சொல்லப்படுவது. பின்னாளில் ஊர்க்காரர்கள் காற்றுத் துளை வழியாகக் கயிற்று நுனியில் பிசுபிசுப்பான மண்ணை உருட்டிக் கட்டி உள்ளே இறக்கி, ஒட்டிக்கொண்டு வந்த வில்லைகளைத் தூண்டில் போட்டு மீன் பிடிப்பது போல எடுத்தார்கள். கடைசியில் 1957இல் முறைப்படி திறந்தார்கள்.

பிரா சோம்தேத்தோடு லாம்பூனின் பிரா ரோட், பிட்சனுலோக்கின் நாங் பயா, கம்பேங் பெட்டின் சும் கோ, சுபன்புரியின் போங் சுபன் ஆகிய நான்கையும் சேர்த்து 'பெஞ்சபாக்கி' என்கிறார்கள். ஐந்தின் கூட்டு என்று பொருள். சேகரிப்பவர்களின் கனவு அது. முதல் தாயத்து தேடுகிறவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

படி 3: எழுத்துகளைப் படிக்கப் பழகுங்கள்

தாயத்தின் பின்பக்கத்தில் சுருள் சுருளான எழுத்துகளும் கட்டங்களும் இருக்கும். இது தாய் எழுத்து அல்ல, 'கோம்' எனப்படும், கம்போடியாவின் பழைய கெமர் எழுத்து. கெமர் எழுத்து எங்கிருந்து வந்தது என்றால், காஞ்சியை ஆண்ட பல்லவர் காலத்து எழுத்திலிருந்து. இது தெரிந்த பிறகு அந்தச் சுருள்களைப் பார்க்கும்போது தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன உணர்வு எனக்கு வரும்.

பெரும்பாலானவை சுருக்கெழுத்துகள். நீளமான பாலி வாசகத்தின் முதல் அசைகளை மட்டும் எடுத்து 'இதயம்' என்று பெயரிடுவார்கள். 'ந மோ புத் தா ய' என்ற ஐந்தும் 'கற்பம்' எனப்படும் இந்த உலகச் சுழற்சிக் காலத்தின் ஐந்து புத்தர்களைக் குறிக்கும்: ககுசந்தர், கோணாகமனர், காசியபர், கோதமர், இனி வரப்போகும் மைத்ரேயர். ஐந்தெழுத்து என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 'இ ஸ்வா சு' என்று மூன்று எழுத்து இருந்தால் அது புத்தம், தம்மம், சங்கம் மூன்றையும் போற்றும் வாசகங்களின் தொடக்கங்கள். 'ந ம ப த' என்பது நான்கு பூதங்கள். இந்த மூன்றையும் அடையாளம் கண்டுகொண்டாலே பாதித் தாயத்துகளின் பின்பக்கம் உங்களோடு பேச ஆரம்பித்துவிடும்.

படி 4: ஓதி உயிரூட்டும் சடங்கை அடுக்கடுக்காகப் புரிந்துகொள்ளுங்கள்

அச்சிலிருந்து எடுத்த வில்லை இன்னும் வெறும் வில்லைதான். அதைத் தாயத்தாக்குவது 'ப்ளுக் சேக்'. ப்ளுக் என்றால் எழுப்புதல், சேக் என்றால் மந்திரம் ஓதி ஏற்றுதல். பல துறவிகள் கூடி நடத்தும் பெரிய சடங்குக்குப் பெயர் 'புத்தாபிசேக்'. ஆமாம், நம் அபிஷேகம் என்ற சொல்லேதான். அழைத்தால் தயங்காமல் போய்ப் பாருங்கள். பொதுமக்கள் உட்கார இடம் இருக்கும். வெள்ளை உடை போட்டுக்கொண்டால் நல்லது. காலைத் துறவிகள் பக்கமோ புத்தர் பக்கமோ நீட்டாதீர்கள்.

நாள் பார்ப்பதில் ஆரம்பிக்கிறது. ஆசிரியருக்குரிய நாளாக வியாழன் மதிக்கப்படுகிறது. காவலுக்கான தாயத்துக்கு 'சாவ் ஹா', அதாவது ஐந்தாம் பிறையோடு கூடிய சனிக்கிழமை, மிக வலிமையான நாள் என்பது நம்பிக்கை. இடம் பெரும்பாலும் உபோசத மண்டபம். எட்டுத் திசையிலும் எல்லைக் கற்கள் நட்டுப் பிரித்த, துறவிகள் தீட்சை பெறும் அதே இடம்.

காலையில் வெள்ளை உடுத்திய ஒருவர் வெளியே மேஜை போட்டுத் தேவர்களை அழைப்பார். தேங்காய், வாழைப்பழம், வாழையிலையில் கூம்பு கூம்பாக மடித்த அலங்காரம், சில இடங்களில் பன்றித் தலை. இது பிராமண வழியில் வந்த பகுதி. பாங்காக்கில் தேவஸ்தானம் என்ற பிராமணக் கோயிலின் அரசவைப் பிராமணர்கள் தங்கள் ஆண்டுச் சடங்கில் திருவெம்பாவை வரிகளை இன்றும் ஓதுகிறார்கள்; ஒலி மாறியிருக்கும், ஆனால் நம் மாணிக்கவாசகர்தான். புத்தச் சடங்கின் வாசலில் இந்தத் தேவர்கள் நிற்பதைப் பார்த்து வியக்க வேண்டாம். அவர்கள் சாட்சிகளாகவும் காவலர்களாகவும் அழைக்கப்படுகிறார்கள்.

உள்ளே தாயத்துகள் பெட்டி பெட்டியாக மூல புத்தரின் முன் அடுக்கியிருக்கும். சுற்றி வேலி, நான்கு மூலையிலும் அடுக்குக் குடை. புத்தர் சிலையின் கையிலிருந்து ஒரு வெள்ளைப் பருத்தி நூல் கிளம்பி, பெட்டிகளைச் சுற்றி, ஒவ்வொரு துறவியின் கைக்கும் போகும். 'சாய் சின்' என்பது அதன் பெயர். கும்பாபிஷேகத்தில் யாகசாலையிலிருந்து விமானத்துக்குப் போகும் நூலைப் பார்த்தவர்களுக்கும், இலங்கையில் பிரித் நூல் கட்டிக்கொண்டவர்களுக்கும் இது உடனே புரியும். சிலையிலும் ஓதும் வாயிலும் தியானிக்கும் மனத்திலும் இருப்பது இந்த நூல் வழியாகத் தாயத்துக்குள் இறங்குகிறது என்பது நம்பிக்கை.

அப்புறம் 'தியன் சாய்'. வெற்றி மெழுகுவத்தி என்று சொல்லலாம். கூட்டத்திலேயே மூத்த துறவி அதை ஏற்றுவார். காற்று படாமல் பெட்டிக்குள் எரியும் அந்தச் சுடர் சடங்கு முடியும் வரை அணையக் கூடாது. ஏற்றிய நிமிடம்தான் சடங்கின் தொடக்கம், அணைக்கும் நிமிடம்தான் முடிவு. அணைப்பதற்கும் ஒரு மூத்த துறவியைத் தனியாக அழைப்பார்கள். ஊதி அணைக்க மாட்டார்கள், வெற்றிலையால் அணைப்பார்கள்.

இனி இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும். இதைக் கவனிக்கத் தவறாதீர்கள்.

ஒருபக்கம் நான்கு துறவிகள் ஒரே குரலில் ஓதிக்கொண்டே இருப்பார்கள். காவலுக்காக ஓதும் பரித்த சூத்திரங்கள் வரும்: மங்கள, ரத்தன, கரணீய மெத்த சூத்திரங்கள், பாம்புகளிடமும் அன்பு செலுத்தும் கந்த பரித்தம். பிறகு புத்தாபிஷேகத்துக்கே உரிய நீண்ட பாராயணம். புத்தர் எப்படி ஞானம் பெற்றார் என்பதை வில்லைகளுக்குச் சொல்வது போல அது இருக்கும். புதிய சிலைகளுக்குச் செய்யும்போது இன்னும் அழகாக ஒரு வழக்கம் உண்டு. வட தாய்லாந்தில் சிலையின் கண்ணை மெழுகால் மூடி, தலையில் வெள்ளைத் துணி போட்டு, இரவு முழுக்க ஓதுவார்கள். விடியும் நேரத்தில் துணியையும் மெழுகையும் எடுத்துப் பால்சோறு படைப்பார்கள். புத்தர் ஞானம் பெறுவதற்கு முன் சுஜாதை கொடுத்த பால்சோறு அது. ஆக, சடங்கு என்பது போதிமரத்தடி இரவை மறுபடி வாழ்ந்து பார்ப்பது.

மறுபக்கம், வேறு சில துறவிகள் ஒன்றும் பேசாமல் கண்மூடி உட்கார்ந்திருப்பார்கள். இவர்களைத்தான் 'கேச்சி ஆச்சான்' என்கிறார்கள். உரைநூல்களில் 'சில ஆசிரியர்கள்' என்று பொருள்படும் 'கேசி' என்ற பாலிச் சொல்லிலிருந்து வந்தது. இன்று அது பேர்பெற்ற தவசீலர் என்ற பொருளுக்கு மாறிவிட்டது. மக்கள் பார்வையில் சடங்கின் மையம் இவர்கள்தான். மனத்தை ஒருமைப்படுத்தி, அதில் எழும் ஒளியையும் அன்பையும் எதிரே இருக்கும் குவியல் மேல் பரப்புகிறார்கள். காவியுடையில் அசையாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த ஒரு முதியவரைப் பார்த்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. மண்டபத்தில் நூறு பேர் இருந்தோம். ஒரு இருமல் சத்தம் இல்லை.

விடியலில் மெழுகுவத்தியை அணைத்து, வெற்றிப் பாடலான 'ஜயந்தோ' ஓதி, தாயத்துகள் மேலும் மக்கள் மேலும் தீர்த்தம் தெளித்து, பூவும் பொரியும் தூவி முடிப்பார்கள். நூலை அறுத்து அங்கிருப்பவர்களுக்குக் கொடுப்பார்கள். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாச் சடங்கும் ஒரு இரவோடு முடிவதில்லை. 1957இல் புத்த சகாப்தம் 2500 நிறைந்ததைக் கொண்டாட மண்ணிலும் உலோகத்திலுமாக 48 லட்சத்துக்கும் மேற்பட்ட தாயத்துகளைச் செய்தபோது, வாட் சுத்தாட்டில் 108 துறவிகள் மூன்று நாள் அமர்ந்தார்கள். புத்தமண்டல் பூங்காவுக்கு நிதி சேர்ப்பதற்காக அது நடந்தது. வேறு சில துறவிகள் தனியாக, மழைக்கால மூன்று மாதமும் தினமும் தங்கள் அறையிலேயே ஓதி முடித்து, அந்தக் காலம் முடிந்த பிறகுதான் கொடுப்பார்கள்.

படி 5: எதற்கான தாயத்து என்று கேளுங்கள்

ஒவ்வொன்றுக்கும் ஒரு 'புத்தகுணம்' சொல்வார்கள். 'மெத்தா மகாநியோம்' என்றால் மற்றவர் மனத்தில் நம்மீது அன்பு வரச் செய்வது. வியாபாரிகளும் வேலை தேடுவோரும் விரும்புவது. 'க்லேவ் க்லாட்' என்றால் ஆபத்திலிருந்து தப்பவைப்பது. 'கோங் க்ரபான்' என்றால் ஆயுதம் உடம்பில் பாயாமல் காப்பது. போலீஸும் ராணுவமும் நாடுவது. 'சோக் லாப்' என்றால் பணவரவு.

ஆபத்துக்குத் துணை என்றவுடன் தாய்லாந்தில் எவரும் முதலில் சொல்லும் பெயர் லுவாங் பு துவாட். 400 ஆண்டுகளுக்கு முன் தெற்கில் வாழ்ந்ததாகக் கதை. அயுத்தயாவுக்குப் போன கப்பலில் குடிநீர் தீர்ந்தபோது, அவர் காலை வைத்த இடத்தில் கடல்நீர் நன்னீராக மாறியது என்பார்கள். 1954இல் பட்டாணியின் வாட் சாங் ஹாய் கோயிலில் ஆச்சான் திம் என்ற துறவி மூலிகைக் கிழங்குகளை இடித்துக் கருப்பு மண்ணோடு கலந்து முதல் தொகுதியைச் செய்தார். இன்று வண்டியில் தொங்குவதில் பெரும் பங்கு இவருடைய உருவம்தான்.

இன்னொருவர் நக்கோன் ராட்சசிமாவின் லுவாங் போ குன் (1923–2015). குந்தி உட்கார்ந்து, நாட்டுப்புறப் பேச்சில், வந்தவர் தலையில் லேசாகத் தட்டி ஆசி கொடுப்பார். 1993இல் அந்த நகரில் ராயல் பிளாசா என்ற ஓட்டல் இடிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உயிரோடு மீண்டவர்களில் சிலர் அவருடைய தாயத்தை அணிந்திருந்தார்கள் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. இறந்தவர்களில் யாரும் அணிந்திருக்கவில்லையா என்ற கேள்வி நியாயமானது, அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் தாயத்தால் வந்த பெரும் பணத்தை அவர் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கொடுத்தார் என்பதும், தன் உடலைக் கோன் கேன் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார் என்பதும் யாரும் மறுக்க முடியாதவை. ஒரு துறவியின் தாயத்தை எதற்காக மதிக்கலாம் என்று கேட்டால் நான் இந்த இரண்டாவதைத்தான் காட்டுவேன்.

இதற்கு நேர் எதிரான பக்கமும் இருக்கிறது. இறந்த குழந்தையின் ஆவி, சுடுகாட்டு எலும்பு, வசியம் என்று விற்கப்படும் பொருள்கள் உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம்மவர்கள் முதலில் பார்ப்பது சில சமயம் இவற்றைத்தான். இவை புத்தத் தாயத்து மரபின் நடுவிலிருந்து வந்தவை அல்ல. தொடாமல் விடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

படி 6: பெறும் முறை

'வாங்குதல்', 'விற்றல்' என்ற சொற்களை இங்கே தவிர்ப்பார்கள். 'சாவ்' என்பார்கள், வாடகைக்கு எடுப்பது. புத்தரை யாரும் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது, கொஞ்ச காலம் கூட வைத்திருக்கலாம் என்பது அதன் உட்பொருள். தாமிரபரணி நீரை யாரும் விலைக்கு வாங்குவதில்லை, குடித்துவிட்டு நகர்கிறோம், அது மாதிரி.

முதல் தாயத்தைக் கோயிலிலேயே எடுங்கள். பெரும்பாலான கோயில்களில் ஒரு மேஜை இருக்கும், பக்கத்தில் காணிக்கைப் பெட்டி இருக்கும். என்ன தொகுதி, எந்த ஆண்டு, எந்தத் துறவி ஓதினார், பணம் எதற்குப் போகிறது என்று கேட்கலாம். கூரை மாற்ற, பள்ளி கட்ட என்று பதில் வரும். துறவியே கொடுத்தால் ஆண்கள் இரு கையாலும் வாங்கலாம். பெண்களின் கையில் துறவி நேராகத் தரமாட்டார். விரித்த துணியில் வைப்பார், அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழையதுதான் வேண்டும் என்றால் பாங்காக்கில் வாட் மகாதாட் பக்கம் தா பிரா சான் சந்தை. ஆற்றங்கரைச் சந்துகளில் ஆண்கள் கண்ணில் பூதக்கண்ணாடி வைத்துக் குனிந்திருப்பதைப் பார்க்கவே போகலாம். அவர்கள் மூன்றைப் பார்க்கிறார்கள்: அச்சு, பொருள், வயதால் வந்த இயல்பான மாற்றம். பத்து மடங்கு லென்ஸில் பழைய பொடித் தாயத்தின் மேற்பரப்பு மென்மையாகவும், சிறு சிறு துகள்கள் கலந்தும், பழைய தந்தம் போல மெல்லிய வெடிப்போடும் இருக்கும். புதிதாகச் செய்து டீத்தண்ணீரில் ஊறவைத்ததில் நிறம் மேலோட்டமாக மட்டும் நிற்கும். ஆனால் இதைப் படித்துவிட்டுப் போய்ப் பெரும்பணம் கொடுத்துவிடாதீர்கள். போலிகள் அசலைவிடப் பல மடங்கு அதிகம். பல ஆண்டு பழகியவர்களே ஏமாறுகிறார்கள்.

விலை ஏறும் என்று நினைத்தும் எடுக்க வேண்டாம். நக்கோன் சி தம்மராட்டின் ஜதுகாம் ராமதேப் என்ற வட்டத் தாயத்து 1987இல் முதலில் வந்தது. 2006, 2007இல் நாடே அதன் பின்னால் ஓடியது. வரிசையில் ஏற்பட்ட நெரிசலில் ஒருவர் மிதிபட்டு இறந்தார். சீக்கிரமே விலை விழுந்து, பெட்டி பெட்டியாகத் தேங்கிப்போனது.

இந்தப் பேராசையின் வேரை ஆழமாக ஆராய்ந்தவர் ஒரு தமிழர். இலங்கையில் பிறந்து ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த மானுடவியலாளர் ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா (1929–2014). எல்லாவற்றையும் துறந்து காட்டில் வாழும் துறவியின் அன்பு, தாயத்து என்ற பொருளாக மாறி, நகரத்துப் பணக்காரர் கையில் சேர்த்து வைக்கும் சொத்தாகிறது என்பதை அவர் விரிவாக எழுதினார். தாய்லாந்துத் துறவிகளிலும் புத்ததாசர் (1906–1993) போன்றவர்கள் புனிதப் பொருள்களைப் பற்றிக்கொள்வதை வெளிப்படையாகவே கண்டித்தார்கள்.

ஊருக்கு எடுத்து வருகிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். தொல்பொருள் மதிப்புள்ள பழைய உருவங்களைத் தாய்லாந்திலிருந்து வெளியே கொண்டுபோக நுண்கலைத் துறையின் அனுமதி தேவை. தந்தம், புலிப்பல் தாயத்துகளை எடுக்கவே கூடாது. வன உயிரினச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். தோட்டா உறையில் செய்ததும் விமான நிலையத்தில் பிரச்சினை.

படி 7: அணியும் முறை

பொடியும் மண்ணும் வியர்வைக்கும் வாசனைத் திரவியத்துக்கும் தாங்காது. எடுத்த கையோடு தண்ணீர் புகாத உறை போடுங்கள். சந்தையிலேயே போட்டுத் தருவார்கள்.

அணிவதற்கு முன் கைகூப்பி "நமோ தஸ்ஸ பகவதோ அரஹதோ சம்மா சம்புத்தஸ்ஸ" என்று மூன்று முறை சொல்லி, பிறகு "புத்தம் ஆராதனானம், தம்மம் ஆராதனானம், சங்கம் ஆராதனானம்" என்று அழைப்பார்கள். சோம்தேத் தோவின் தாயத்து என்றால் அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ஜினபஞ்சர கதையையும் ஓதுவார்கள். ஜின பஞ்சரம் என்றால் புத்தர்களால் ஆன கூண்டு. நம் கவசப் பாடல்கள் போல உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரைக் காவல் வைப்பது.

பலவற்றைச் சேர்த்து அணிந்தால் ஒற்றைப்படையாக. புத்தர் நடுவில், துறவிகள் பக்கத்தில். இடுப்புக்குக் கீழே கூடாது, பேன்ட் பாக்கெட்டில் அறவே கூடாது. குளிக்கும்போதும் தாம்பத்தியத்தின்போதும் கழற்றி, தலைக்கு மேலான இடத்தில் வையுங்கள். தரையில் வைக்காதீர்கள்.

இதெல்லாம் வெளி விதி. தாயத்து கொடுக்கும் துறவிகள் இதோடு வேறொன்றும் சொல்வார்கள்: பெற்றோரைத் திட்டாதே, பிறர் மனைவியைத் தொடாதே, பொய் சொல்லாதே. மீறினால் தாயத்து 'தூங்கிவிடும்' என்பது பரவலான நம்பிக்கை. எழுப்பியதுதானே, தூங்கவும் செய்யும். இதை நான் மிரட்டலாக எடுத்துக்கொள்வதில்லை. கழுத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைவு, கோபத்தில் வாய் திறக்கும் நேரத்தில் ஒரு நொடி நிறுத்துகிறது. அந்த ஒரு நொடி எனக்குப் பலமுறை கிடைத்திருக்கிறது.

மன்னர் பூமிபோல் 1965 முதல் 1970 வரை தன் கையாலேயே செய்து கொடுத்த 'பிரா சோம்தேத் சித்ரலதா'வைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சிலைகளுக்குச் சாத்திய மாலைகளின் காய்ந்த பூ, தன் தலைமுடி, தான் தீட்டிய ஓவியங்களிலிருந்து சுரண்டிய வண்ணம் எல்லாம் அதில் சேர்ந்தன. பெற்றவர்களிடம், தங்க ரேக்கை முன்பக்கம் ஒட்டாமல் பின்பக்கம் ஒட்டச் சொன்னார். புத்தரின் முதுகில் ஒட்டிய தங்கம் யார் கண்ணிலும் படாது. யாரும் பார்க்காவிட்டாலும் செய்கிற நல்ல காரியத்துக்குத் தாய் மொழியில் அதுதான் பழமொழி. உங்கள் தாயத்துக்கும் அப்படிச் செய்யலாம்; ஒரு சிறு ரேக்கு போதும்.

படி 8: உடைந்தால்

பயப்பட வேண்டாம். கெட்ட சகுனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நமக்கு வர இருந்ததைத் தான் வாங்கிக்கொண்டது என்றுதான் சொல்வார்கள். குப்பையில் போடாமல் ஒரு கோயிலுக்குக் கொண்டுபோங்கள். போதிமரத்தடியில் அப்படி விடப்பட்டவை ஏற்கெனவே இருக்கும்; கும்பிட்டு அங்கே வைக்கலாம். துறவியிடமே கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. உடைந்த பழைய தாயத்துகளைச் சேர்த்து வைத்து, அடுத்த தொகுதி செய்யும்போது உரலில் இடித்துப் புதுப் பொடியோடு கலந்துவிடுவார்கள்.